டியூப்லைட் வெளிச்சத்தில் 100 பிக்கோ ஆம்பியர்: லாக்-இன் அளவி ஒன்றை நாமே வடிவமைக்கும் முறை

என் மேசை மீது ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. அதில் மங்கலாக நிறமேறிய தண்ணீர். ஒரு பக்கம் சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் பிபிடபிள்யூ34 என்ற ஒளி டயோடு. தண்ணீரைக் கடந்து வரும் எல்இடி வெளிச்சம் டயோடில் உண்டாக்கும் மின்னோட்டம் 100 பிக்கோ ஆம்பியர். ஒளியாகச் சொன்னால் ஏறத்தாழ கால் நானோவாட். அறையில் எரியும் டியூப்லைட் அதே டயோடில் உண்டாக்குவது 1 மைக்ரோ ஆம்பியர், அதாவது பத்தாயிரம் மடங்கு. போதாக்குறைக்கு அந்த வெளிச்சம் வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. துடிப்பின் அளவு மட்டுமே 0.2 மைக்ரோ ஆம்பியர், நாம் தேடுவதைப் போல் 2,000 மடங்கு.

கறுப்புத் துணி போட்டு மூடினால் பாதிப் பிரச்சினை தீரும். மூட முடிகிற இடத்தில் மூடிவிடுங்கள். அதைவிட மலிவான வடிகட்டி கிடையாது. ஆனால் விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையோ, திறந்த வெளியில் ஒளியைத் தேடும் உணரியையோ முழுவதும் மூட முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கான கருவியைத்தான் இங்கே படிப்படியாகக் கட்டப் போகிறோம். ஆப்-ஆம்ப் சுற்றுகளைச் சாலிடர் செய்து பழகியவர், ஆசிலோஸ்கோப் ஒன்று கைவசம் உள்ளவர் என்று உங்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அடிப்படை எண்ணம் எளிது. சந்தை இரைச்சலுக்கு நடுவே தூரத்தில் மிருதங்கம் ஒலிக்கிறது. தாளம் தெரிந்தவர் காதுக்கு அது கேட்கும், தெரியாதவருக்கு எல்லாம் சத்தம்தான். நாம் செய்யப் போவது, இரைச்சல் வந்து சேர்வதற்கு முன்பே சமிக்ஞைக்கு ஒரு தாளத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளத்தோடு ஒத்துப்போவதை மட்டும் கூட்டிக்கொள்வது. இதற்குத்தான் லாக்-இன் முறை என்று பெயர். 1946இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி தன் நுண்ணலை ரேடியோமீட்டரில் இதைத்தான் செய்தார். ஆன்டெனாவையும் வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளையும் மாறி மாறிப் பெருக்கியோடு இணைத்து, அந்த மாறுதலோடு சேர்ந்து ஆடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தார். பெருக்கியின் சொந்த இரைச்சலும் அதன் அலைச்சலும் கழிந்துபோயின. லாக்-இன் பெருக்கிகளை வணிகமாக விற்ற முதல் நிறுவனங்களில் ஒன்றை 1960களின் தொடக்கத்தில் நிறுவியவர்களிலும் அவர் ஒருவர்.

முதல் படி: சாலிடரிங் அயர்னைத் தொடாமல் கணக்குப் போடுவது

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து, விலை உயர்ந்த ஆப்-ஆம்ப் ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்குவது வீண்.

எந்த மின்தடையும் சும்மா இருக்கும்போதே இரைகிறது. உள்ளே எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதுதான் காரணம். 1928இல் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கோட்பாட்டை எழுதினார். மனதில் வைக்க ஒரே ஓர் எண் போதும்: அறை வெப்பநிலையில் 1 கிலோ ஓம் மின்தடை, 1 ஹெர்ட்ஸ் பட்டையகலத்தில் 4 நானோவோல்ட் தரும். மின்தடை நூறு மடங்கானால் இந்த மின்னழுத்தம் பத்து மடங்காகும். பட்டையகலத்துக்கும் அதே விதி. நான்கு மடங்கு அகலப்படுத்தினால் இரைச்சல் இரண்டு மடங்கு.

இரண்டாவது ஷாட் இரைச்சல். 1918இல் ஷாட்கி விளக்கியது. தகரக் கூரையில் மழை விழும்போது ஒரே சீராகப் பெய்தாலும் துளிகள் தனித்தனியாக விழுவதால் சடசடக்கிறதல்லவா, அதுபோல மின்னோட்டமும் தனித்தனி எலெக்ட்ரான்களாக வருவதால் நடுங்குகிறது. 1 மைக்ரோ ஆம்பியர் ஓட்டத்துக்கு 1 ஹெர்ட்ஸில் 0.57 பிக்கோ ஆம்பியர்.

நம் சுற்றில் முதல் பெருக்கியின் பின்னூட்ட மின்தடையை 1 மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வெப்ப இரைச்சலை மின்னோட்டமாக மாற்றினால் 0.13 பிக்கோ ஆம்பியர். சாதாரண டிஎல்071 ஆப்-ஆம்பின் மின்னழுத்த இரைச்சல் 18 நானோவோல்ட். அதை 1 மெகா ஓமால் வகுத்தால் 0.02 பிக்கோ ஆம்பியர்கூட வரவில்லை. டியூப்லைட்டின் ஷாட் இரைச்சலோ 0.57. இவற்றை நேரடியாகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கிடைப்பது 0.58. வெளிச்சம் ஒன்றே மொத்த இரைச்சலையும் ஆள்கிறது. ஐம்பது மடங்கு விலை கொடுத்து வேறு ஆப்-ஆம்ப் வாங்கினாலும் அந்த 0.58 அசையாது.

கையோடு இன்னொரு சோதனை விதியும் சொல்லிவிடுகிறேன். பின்னூட்ட மின்தடையின் குறுக்கே நேர்மின்னழுத்தம் (டிசி) 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், மின்தடையின் இரைச்சலை ஷாட் இரைச்சல் முந்திவிட்டது என்று பொருள். அதற்கு மேல் மின்தடையைப் பெரிதாக்கி இரைச்சலில் பெரிய லாபம் இல்லை. நம் சுற்றில் அது 1 வோல்ட். 10 மெகா ஓம் போட்டிருந்தால் 10 வோல்ட் கேட்கும். ஆப்-ஆம்ப் உச்சத்தில் முட்டி நின்றுவிடும்.

மூலத்தின் மின்தடை குறைவாக இருந்தால் கதை தலைகீழ். 350 ஓம் திரிபு உணரி (ஸ்ட்ரெய்ன் கேஜ்) வெறும் 2.4 நானோவோல்ட்தான் தருகிறது. அங்கே டிஎல்071 போட்டால் இரைச்சல் முழுவதும் அதனுடையதாக இருக்கும். ஓபி27, எல்டி1028 போன்ற, மின்னழுத்த இரைச்சல் குறைந்த ஆப்-ஆம்ப்கள் தேவைப்படும். அதே எல்டி1028ஐ ஒளி டயோடுக்குப் போட்டால் அதன் மின்னோட்ட இரைச்சல் காரியத்தைக் கெடுக்கும். மூலத்துக்குப் பெருக்கி, பெருக்கிக்கு மூலம் என்று பொருத்தம் பார்க்க வேண்டும்.

இறுதியில் என்ன கிடைக்கும் என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். எல்இடி எரிந்து அணைவதால் 100 பிக்கோ ஆம்பியர் ஏறி இறங்குகிறது; ஒத்திசைவுக் கண்டறிவுக்குப் பின், அதாவது அந்தத் தாளத்தோடு ஆடுவதை மட்டும் பிரித்தெடுத்த பின், அதில் பாதி, 50 பிக்கோ, நேர் மதிப்பாக நிற்கும். 1 வினாடி கால மாறிலி கொண்ட எளிய வடிகட்டியின் இரைச்சல் பட்டையகலம் கால் ஹெர்ட்ஸ். 0.58ஐ கால் ஹெர்ட்ஸின் வர்க்கமூலமான அரையால் பெருக்கினால் 0.29 பிக்கோ ஆம்பியர். ஆக, சமிக்ஞை இரைச்சலைப் போல் சுமார் 170 மடங்கு. இந்த எண் திருப்தி தராவிட்டால் இங்கேயே நிறுத்திவிட்டு ஒளியமைப்பை மாற்றுங்கள். டயோடின் முன் ஒரு சிவப்பு வடிகட்டித் தாளோ குவிலென்ஸோ வைப்பது எந்தச் சுற்றையும்விட அதிகப் பலன் தரும்.

இரண்டாம் படி: தாளத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்இடியை எந்த அதிர்வெண்ணில் எரித்து அணைப்பது? மிகத் தாழ்வாக வைத்தால் அதிர்வெண் குறையக் குறையக் கூடும் ஆப்-ஆம்ப்களின் 1/எஃப் இரைச்சலும் வெப்பநிலை அலைச்சலும் இருக்கும் சேற்றில் கால் வைக்கிறோம். மிக உயரத்தில் வைத்தால் எல்இடி கம்பியிலிருந்து டயோடு கம்பிக்குக் கள்ளத்தனமாகத் தாவும் சமிக்ஞை வளர்கிறது. மின்னணுச் சோக்குகளும் எல்இடி பல்பு டிரைவர்களும் சத்தம் போடும் பல்லாயிரம் ஹெர்ட்ஸ் பகுதிக்கும் அருகில் போகிறோம். 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வசதியான இடம்.

ஆனால் சரியாக 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். அது 50இன் 20ஆம் மடங்கு. மின்வாரியத்தின் மின்சாரம் அங்கேயும் ஒரு விரலை நீட்டியிருக்கும். அருகருகே உள்ள இரண்டு மடங்குகளுக்கு நட்டநடுவில், 1,025 ஹெர்ட்ஸில் உட்காருங்கள். இதில் ஓர் அழகு இருக்கிறது. சதுர அலையால் கண்டறியும்போது கருவி 3ஆம், 5ஆம், 7ஆம் மடங்குகளுக்கும் காது கொடுக்கும். 1,025 என்பது 25இன் ஒற்றைப்படை மடங்கு. ஆகவே 3,075, 5,125 எல்லாமே 50இன் மடங்குகளுக்கு நடுவிலேயே விழுகின்றன. மின்வழங்கலின் அதிர்வெண் 0.1 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலும் 20ஆம் மடங்கு 2 ஹெர்ட்ஸ்தான் நகரும். நமக்கு 25 ஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிறது.

எல்இடிக்கான அலையும் கண்டறிவுக்கான மேற்கோள் அலையும் ஒரே மைக்ரோகன்ட்ரோலரின் ஒரே கடிகாரத்திலிருந்து வர வேண்டும். தனித்தனி ஆசிலேட்டர் வைத்தால் அவை ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல நழுவும், அளவும் அதோடு சேர்ந்து ஊசலாடும். எரியும் நேரமும் அணையும் நேரமும் மிகச் சரியாகச் சமமாக இருக்கட்டும். இரண்டு அலைகளுக்கும் இடையிலான தாமதத்தை நிரலில் மாற்றும் வசதியை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கட்டம் (ஃபேஸ்) சரிசெய்ய உதவும்.

மூன்றாம் படி: முதல் பெருக்கி

டயோடை ஆப்-ஆம்பின் எதிர் உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையே, மின்சார்பு (பயாஸ்) எதுவும் இல்லாமல் இணையுங்கள். பின்னூட்டத்தில் 1 மெகா ஓமும் அதற்கு இணையாக 10 பிக்கோஃபாரட் மின்தேக்கியும். அந்தச் சிறு மின்தேக்கி அலங்காரத்துக்கு அல்ல. டயோடின் 70 பிக்கோஃபாரட் கொள்திறன் பின்னூட்டத்தைத் தாமதப்படுத்துவதால், அது இல்லாவிட்டால் பெருக்கி தானாக அலைய ஆரம்பிக்கும். டிஎல்071க்குக் கணக்குப்படி 2 பிக்கோஃபாரட்டே போதும். 10 போட்டால் பட்டையகலம் 16 கிலோஹெர்ட்ஸாக அடங்கி, தேவையற்ற உயர் அதிர்வெண் வெளியே நிற்கும்.

மின்சாரத்துக்கு முதலில் இரண்டு 9 வோல்ட் பேட்டரி. சுவரில் செருகும் சப்ளையை எல்லாம் ஒழுங்காக வேலை செய்த பிறகு கொண்டுவாருங்கள். அப்போது புதிதாக ஏதாவது முளைத்தால் பழி யார் மேல் என்று தெரியும்.

நான்காம் படி: களையெடுத்துவிட்டுப் பெருக்குதல்

முதல் பெருக்கியின் வெளியீட்டில் நம் சமிக்ஞை 100 மைக்ரோவோல்ட். டியூப்லைட்டின் துடிப்பு 200 மில்லிவோல்ட். கண்டறிவுச் சுற்றின் ஆஃப்செட் பிழை சில நூறு மைக்ரோவோல்ட் இருக்கலாம் என்பதால் அதற்கு முன் 100 மடங்காவது பெருக்க வேண்டும். அப்படியே பெருக்கினால் துடிப்பு 20 வோல்ட்டாகி எல்லாம் முட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் 10 நானோஃபாரட், 33 கிலோ ஓம் கொண்ட உயர்கடத்து வடிகட்டி. பிறகு 10 மடங்கு பெருக்கி. மறுபடி அதே வடிகட்டி, மறுபடி 10 மடங்கு. வடிகட்டியின் வெட்டு அதிர்வெண் 482 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் துடிப்பு இரண்டிலும் சேர்ந்து 25இல் ஒரு பங்காகச் சுருங்கி, இறுதியில் 0.8 வோல்ட்டாக நிற்கும். நம் 1,025 ஹெர்ட்ஸ் 18 விழுக்காடு மட்டும் இழக்கும். நேர்மின்னழுத்தம் முழுவதும் போய்விடும்.

இன்னும் கூர்மையான வடிகட்டி போடலாமே என்று தோன்றும். வேண்டாம். 1,025 ஹெர்ட்ஸில் ஊசிபோல் நிற்கும் வடிகட்டியின் கட்டம், மின்தேக்கி சற்றுச் சூடானாலே திரும்பிவிடும். அளவும் அதோடு மாறும். பட்டையகலத்தைக் குறுக்கும் வேலையைப் பின்னால் வரும் தாழ்கடத்து வடிகட்டி பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: கூட்டலும் கழித்தலும்

கருவியின் இதயம் இதுதான், ஆனால் கட்டுவதற்கு இதுவே எளிது. சமிக்ஞையை அப்படியே ஒரு பிரதி, தலைகீழாக ஒரு பிரதி எடுங்கள். மேற்கோள் அலை உயரும்போது முதலாவதையும் தாழும்போது இரண்டாவதையும் சிடி4053 சுவிட்சால் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுங்கள். சுவிட்சை நேர் 5, எதிர் 5 வோல்ட்டில் இயக்கினால் மைக்ரோகன்ட்ரோலர் அதை நேரடியாக ஆட்டும். தலைகீழாக்கும் பெருக்கியின் இரு மின்தடைகளும் 0.1 விழுக்காடு துல்லியம் உள்ளவையாக இருக்கட்டும். செலவழிக்க மனம் இருந்தால் ஏடி630 இத்தனையையும் ஒரே சில்லில் தருகிறது.

எல்இடியோடு சேர்ந்து ஆடுவது ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரே திசையில் சேரும். மற்றதெல்லாம் ஒருமுறை கூடி ஒருமுறை கழிந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

பிறகு 1 மெகா ஓம், 1 மைக்ரோஃபாரட்: கால மாறிலி 1 வினாடி. மின்தேக்கி பிளாஸ்டிக் ஃபிலிம் வகையாக இருக்க வேண்டும், எலெக்ட்ரோலிடிக் கசியும். வெளியீட்டில் நம் 100 பிக்கோ ஆம்பியர் 3 முதல் 4 மில்லிவோல்ட்டாகத் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 5 வினாடி காத்திருந்துதான் எண்ணைப் படிக்க வேண்டும். இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு காத்திருங்கள். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. ஒரு கட்டத்தில் எல்இடியே சூடேறி மங்குவது இரைச்சலைவிடப் பெரிதாகிவிடும், அதன்பின் காத்திருப்பது கேடு.

கட்டத்தைச் சரிசெய்ய ஒரு தந்திரம். வடிகட்டிகளால் சமிக்ஞை 45 டிகிரிக்கு அருகில் முந்தி வருகிறது. தாமதத்தைத் திருகி வெளியீட்டை உச்சமாக்கப் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் உச்சி தட்டையானது. 5 டிகிரி தவறினாலும் தெரியாது. பதிலாக வெளியீடு பூஜ்யமாகும் இடத்தைத் தேடுங்கள். அங்கே சரிவு செங்குத்து, கை சற்று நகர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அங்கிருந்து கால் சுற்று, அதாவது 244 மைக்ரோவினாடி நகர்த்தினால் சரியான கட்டம். இந்த வேலையை எல்இடியைப் பிரகாசமாக வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஆறாம் படி: கள்ளன் வீட்டுக்குள்ளேயே

இதுவரை சொன்னவை எல்லாம் கணக்கு. இனிமேல் சொல்வதில்தான் கருவிகள் தோற்கின்றன.

நான் முதலில் கட்டிய சுற்று முதல் நாளே அருமையாக வேலை செய்தது. எண் நிலையாக நின்றது, இரைச்சல் கணக்கோடு பொருந்தியது. இரண்டு நாள் குப்பியில் வெவ்வேறு கரைசல்களை ஊற்றி அளந்தேன். மூன்றாம் நாள் தற்செயலாக ஒரு நோட்டுப் புத்தகம் எல்இடிக்கும் டயோடுக்கும் நடுவே விழுந்தது. எண் மாறவே இல்லை. அதுவரை நான் அளந்துகொண்டிருந்தது ஒளியையே அல்ல, எல்இடிக் கம்பியிலிருந்து டயோடுக் கம்பிக்குக் காற்று வழியே தாவிய மின்சாரத்தை.

கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். 5 வோல்ட் சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பும், 0.01 பிக்கோஃபாரட் கொள்திறன் வழியே ஒரு சிறு மின்னூட்டத்தைத் தள்ளுகிறது. வினாடிக்கு 2,050 விளிம்புகள். சதுர அலையால் கண்டறியும்போது அது 100 பிக்கோ ஆம்பியருக்கு நிகராகிறது, அதாவது நம் முழுச் சமிக்ஞை! இரண்டு கம்பிகள் ஒரு சாண் தள்ளி இருந்தாலும் 0.01 பிக்கோஃபாரட் எளிதில் கிடைத்துவிடும். லாக்-இன் அந்நியனை அடையாளம் கண்டு விரட்டும். ஆனால் இந்தத் திருட்டுச் சமிக்ஞை அதே தாளத்தில் வருகிறது. அதற்கு எந்த வடிகட்டியும் உதவாது.

தீர்வு கட்டமைப்பில்தான். டயோடும் முதல் பெருக்கியும் ஒரு சிறு தகரப் பெட்டிக்குள் இருக்கட்டும். பெட்டி தரையோடு இணைந்திருக்க வேண்டும். ஒளி நுழையும் துளையின் மேல் மெல்லிய கம்பி வலை ஒன்றை வைத்து, அதையும் பெட்டியோடு சேர்த்துச் சாலிடர் செய்யுங்கள். எல்இடிக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் நன்றாக முறுக்குங்கள்.

தரைக் கம்பி அடுத்த கள்ளன். எல்இடியின் 20 மில்லி ஆம்பியர் திரும்பும் பாதையை முதல் பெருக்கியும் பகிர்ந்துகொண்டால், வெறும் 10 மில்லி ஓம் கம்பியில்கூட 200 மைக்ரோவோல்ட் உண்டாகும். நம் சமிக்ஞையைவிட இரு மடங்கு. எல்இடியின் தரைக் கம்பி தனியே பேட்டரி வரை ஓட வேண்டும், அங்கே மட்டும் மற்றதோடு சேரலாம்.

பலகையின் அழுக்கு மூன்றாவது. சாலிடர் ஃப்ளக்ஸ் மிச்சமும் விரல் ரேகையும் மழைக்கால ஈரத்தில் கடத்தியாகிவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 9 வோல்ட் தடத்துக்கும் உள்ளீட்டுக்கும் இடையே 1 கிகா ஓம் கசிவு இருந்தாலே 9 நானோ ஆம்பியர் உள்ளே வரும். அது நேர்மின்னோட்டம் என்பதால் நம் வடிகட்டி தடுத்துவிடும்தான். ஆனால் ஈரம் ஏறி இறங்க அது நெளியும், இரைச்சலும் கூடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் பலகையைக் கழுவி உலர்த்துங்கள். ஆப்-ஆம்பின் எதிர் உள்ளீட்டுக் காலைப் பலகையில் நுழைக்காமல் மேலே வளைத்து, டயோடையும் மின்தடையையும் காற்றிலேயே அதோடு சாலிடர் செய்வது பழைய கைவினைஞர்களின் வழி. பார்க்க அசிங்கமாக இருக்கும், காற்று கசியாது.

ஏழாம் படி: கருவியைக் குறுக்கு விசாரணை செய்தல்

முதலில் எல்இடியைக் கழற்றி, டயோடைக் கறுப்பு நாடாவால் மூடி, முதல் பெருக்கியின் இரைச்சலை 1 கிலோஹெர்ட்ஸ் அருகே அளந்து பாருங்கள். 1 ஹெர்ட்ஸில் சுமார் 130 நானோவோல்ட் வர வேண்டும். அது 1 மெகா ஓமின் வெப்ப இரைச்சல். அதிகமாக வந்தால் வெளியிலிருந்து ஏதோ புகுகிறது. குறைவாக வந்தால் மகிழாதீர்கள். இயற்கை தள்ளுபடி தராது. உங்கள் பெருக்கமோ பட்டையகலமோ நினைத்தபடி இல்லை.

அடுத்து எல்இடி துடித்துக்கொண்டிருக்க, ஒளிப்பாதையில் மட்டும் கறுப்பு அட்டை. வெளியீடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள். அட்டையை நகர்த்தாமல் டியூப்லைட்டை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சராசரி அசையக் கூடாது, நடுக்கம் மட்டும் கூடலாம். சராசரியும் நகர்ந்தால் ஏதோ ஓர் இடத்தில் பெருக்கி உச்சத்தில் முட்டுகிறது.

கடைசியாக, அளவு நேர்விகிதத்தில் இருக்கிறதா என்ற கேள்வி. எல்இடி மின்னோட்டத்தைப் பாதியாக்கிச் சோதிப்பது தவறு. வெளிச்சம் சரியாகப் பாதியாகாது. இரண்டு எல்இடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதை மட்டும் துடிக்கவிட்டு ஓர் எண், இரண்டாவதை மட்டும் துடிக்கவிட்டு ஓர் எண், இரண்டையும் சேர்த்து ஓர் எண் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை, தனி டிரான்சிஸ்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று எரியும்போது மற்றதன் மின்னோட்டம் சரியும். மூன்றாவது எண் முதல் இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும். இந்தச் சோதனைக்கு வேறெந்த அளவுகோலும் தேவையில்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. டியூப்லைட் எரியும்போது ஒருமுறை, அணைத்துவிட்டு ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு முறையும் கூட்டல் பொருந்தினால் குப்பியில் கரைசலை ஊற்றலாம்.